கருந்துளை எப்போது பாய்மமாகிறது?

கருந்துளையின் மேற்பரப்புக்கு மின்தடை உண்டு. அது 377 ஓம். பாகுநிலையும் உண்டு. ஒளிவேகத்தின் மும்மடியை ஈர்ப்பு மாறிலியின் 16π மடங்கால் வகுத்தால் கிடைப்பது அது. எண்ணாகப் போட்டுப் பார்த்தால் நொடிக்கு 8 × 10³³ கிலோகிராம் (தடிமன் இல்லாத பரப்பு என்பதால் அலகு இப்படி விசித்திரமாக வருகிறது). திபோ தமூர் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் 1970களின் கடைசியில் இவற்றைக் கணக்கிட்டார். கருந்துளையின் நிறை சூரியனைப் போல் பத்து மடங்கானாலும் சரி, நூறு கோடி மடங்கானாலும் சரி, இந்த எண்கள் மாறுவதில்லை.

இதில் இடறும் விஷயம், கருந்துளைக்குத் தொட்டுப் பார்க்கும்படியான மேற்பரப்பே கிடையாது என்பதுதான். நிகழ்வு எல்லை என்பது காலவெளியில் வரையப்பட்ட வெறும் ஓர் எல்லைக்கோடு. பெரிய கருந்துளைக்குள் விழுகிறவருக்கு அதைக் கடந்த கணம் எது என்றே தெரியாது. அங்கே மூலக்கூறு இல்லை, உராய்வதற்கு ஒன்றுமில்லை. அப்படியிருக்க அந்தப் பாகுநிலை எதனுடையது? ‘கருந்துளை ஒரு பாய்மம்போல நடந்துகொள்கிறது’ என்ற வாக்கியம் கடந்த அரை நூற்றாண்டில் ஆய்வுக் கட்டுரைகளிலும் அறிவியல் இதழ்களிலும் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. ஆனால் அந்த ஒரே வாக்கியத்துக்குள் வெவ்வேறு வலுவுள்ள பல கூற்றுகள் ஒளிந்திருக்கின்றன. சில வெறும் மறுவாசிப்பு. சில கணித நிரூபணத்துக்கு நெருங்கியவை. சில எண் கணிப்பில் தென்பட்ட ஒற்றுமைகள். எந்தக் கருந்துளை, எந்த அளவுகோலில் என்று கேட்காமல் இவற்றை ஒன்றாகக் கட்டிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது.

கதை வெப்பத்திலிருந்து தொடங்குகிறது. நிகழ்வு எல்லையின் மொத்தப் பரப்பு ஒருபோதும் குறையாது என்று 1971இல் ஸ்டீபன் ஹாக்கிங் நிறுவினார். என்ட்ரோபியும் குறையாதே, இரண்டும் ஒன்றுதானோ என்று ஜேக்கப் பெக்கன்ஸ்டைன் கேட்டார். 1973இல் பார்டீன், கார்ட்டர், ஹாக்கிங் மூவரும் வெப்ப இயக்கவியலின் விதிகளுக்கு இணையான நான்கு விதிகளைக் கருந்துளைக்கு எழுதினார்கள். ஆனால் அது வெறும் ஒப்புமை என்றே கருதினார்கள். அடுத்த ஆண்டே கருந்துளை உண்மையில் வெப்பக் கதிர்களை வெளியிடும் என்று ஹாக்கிங்கே கண்டதும் ஒப்புமை இயற்பியலாகிவிட்டது. பாய்மத்தின் கதையைப் படிக்கும்போது இந்த முன்னுதாரணத்தை மறக்கக்கூடாது.

அதே காலத்தில் ஹாக்கிங்கும் ஜேம்ஸ் ஹார்ட்டிலும் வேறொன்றையும் கவனித்தார்கள். சுழலும் கருந்துளைக்குப் பக்கத்தில் ஒரு நிறையை நிறுத்தினால், அதன் ஓதவிசை நிகழ்வு எல்லையின் வடிவத்தைச் சற்றே இழுத்து மாற்றுகிறது. கருந்துளை சுழன்றுகொண்டே இருக்கிறது, இழுப்பு ஒரே திசையில் நிற்கிறது. ஆகவே எல்லை ஓயாமல் உருமாறிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அந்த உருமாற்றத்தில் சுழற்சி ஆற்றல் வீணாகி, பரப்பு கூடி, சுழற்சி மெல்லக் குறைகிறது. நிலவின் ஈர்ப்பால் கடலில் எழும் ஓதம் பூமியின் சுழற்சியைத் தணிப்பதும் இதே வழியில்தான். ஓத உராய்வு என்ற அதே சொல்லை ஹார்ட்டில் 1973இல் கருந்துளைக்குப் பயன்படுத்தினார். உராய்வு என்று சொல்லிவிட்டால் பாகுநிலை வெகு தூரத்தில் இல்லை.

தமூர் செய்தது அதை முழுச் சமன்பாடாக எழுதியது. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளை நிகழ்வு எல்லையின்மேல் வீழ்த்திப் பார்த்தால் இரண்டு பகுதிகள் கிடைக்கின்றன. ஒன்று, எல்லையை ஒட்டிய உந்தம் எப்படி மாறுகிறது என்பது. அழுத்தத்துக்கு ஓர் உறுப்பு, சறுக்குப் பாகுநிலைக்கு (வடிவம் சிதைவதற்கான எதிர்ப்பு) ஒன்று, பருமப் பாகுநிலைக்கு (விரிவதற்கும் சுருங்குவதற்குமான எதிர்ப்பு) ஒன்று, வெளியிலிருந்து விழும் பொருளின் விசைக்கு ஒன்று என்று அது அப்படியே பாய்ம ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாட்டின் வடிவில் வருகிறது. மற்றது ஆற்றல் சமன்பாடு. அது கொல்கத்தாவில் அமல் குமார் ராய்சௌதுரி 1955இல் வெளியிட்ட சமன்பாட்டின் ஒளிக்கதிர்களுக்கான வடிவம்தான். ஒளிக்கதிர்க் கற்றை எப்படிக் குவியும் என்று சொல்லும் அந்தச் சமன்பாட்டில் சறுக்கின் இருமடி ஓர் உறுப்பாக நிற்கிறது. வடிவியல் பாடமாகப் படித்தால் அது கற்றையின் சிதைவு. தமூர் அதைப் பாகுநிலையால் பிறக்கும் வெப்பம் என்று படித்தார். இரண்டு வாசிப்புக்கும் ஒரே எழுத்து, ஒரே எண்.

இதைக் கால்டெக்கில் கிப் தோர்னும் அவருடைய கூட்டாளிகளும் வேலைக்கான கருவியாக்கினார்கள். தோர்ன், ரிச்சர்ட் பிரைஸ், டக்ளஸ் மக்டொனால்ட் ஆகியோர் 1986இல் வெளியிட்ட நூலுக்கு ‘சவ்வுக் கோட்பாடு’ என்பதுதான் பெயரின் சாரம். உண்மையான எல்லைக்கு மயிரிழை வெளியே ஒரு கற்பனைச் சவ்வை விரித்துவையுங்கள்; அதற்கு மின்னூட்டம், மின்தடை, வெப்பநிலை, பாகுநிலை எல்லாம் கொடுங்கள்; உள்ளே நடப்பதை மறந்துவிடுங்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த விடையும் பிசகாது. சுழலும் கருந்துளையைச் சுற்றியுள்ள காந்தப்புலம் அதன் சுழற்சி ஆற்றலை வெளியே எடுக்க முடியும் என்று ரோஜர் பிளாண்ட்ஃபோர்டும் ரோமன் ஸ்னாயெக்கும் 1977இல் சொன்னதை, ஒரு மின்கலமும் 377 ஓம் உள்தடையும் கொண்ட சுற்றாக மாணவருக்கு விளக்கிவிடலாம். வானியலாளர்களுக்கு இது பெரிய வரம்.

ஆனாலும் அந்தச் சவ்வு நல்ல பாய்மம் இல்லை. அதன் பருமப் பாகுநிலை எதிர்க்குறி கொண்டது. சறுக்குப் பாகுநிலையின் அளவே, குறி மட்டும் மாறியது. சாதாரணப் பாய்மத்துக்கு அப்படி இருந்தால், சற்றே விரியத் தொடங்கியது கட்டுக்கடங்காமல் விரிந்துகொண்டே போகும். கருந்துளை அப்படிச் சிதறாததற்குக் காரணம், நிகழ்வு எல்லை எதிர்காலத்தைப் பார்த்து வரையப்படுவது. இனி எப்போதுமே தப்ப முடியாத ஒளி எது என்று தெரிந்தால்தான் எல்லையை இன்று வரைய முடியும். நாளை ஒரு கனமான ஓடு உள்ளே விழப்போகிறது என்றால் எல்லை இன்றே வளரத் தொடங்கிவிடும். காரணத்துக்கு முன்னால் விளைவு வரும் பாய்மம் எந்த ஆய்வகத்திலும் கிடையாது. இந்தக் குறையை 2005இல் எரிக் கூர்குலோன் ஓரளவு சரிசெய்தார். எதிர்காலம் தெரியாமலே அந்தந்தக் கணத்தில் அடையாளம் காணக்கூடிய ‘பொறி எல்லை’ ஒன்றுக்கு அவர் அதே சமன்பாட்டை எழுதியபோது பருமப் பாகுநிலை நேர்க்குறியில் வந்தது. எல்லையின் வரையறையை மாற்றினால் பாய்மத்தின் இயல்பே மாறுகிறது. பாய்மம் கருந்துளையினுடையதா, நாம் வரைந்த கோட்டினுடையதா என்ற சந்தேகத்துக்கு இதைவிடக் கூர்மையான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும். பாகுநிலையை என்ட்ரோபி அடர்த்தியால் வகுத்துப் பார்ப்போம். கருந்துளையின் ஒரு சதுர அலகுக்கு உரிய என்ட்ரோபி, போல்ட்ஸ்மன் மாறிலி பெருக்கல் ஒளிவேக மும்மடி, வகுத்தல் நான்கு மடங்கு ஈர்ப்பு மாறிலியும் சுருக்கிய பிளாங்க் மாறிலியும் (ħ). பாகுநிலையிலும் ஒளிவேக மும்மடி மேலே இருக்கிறது, ஈர்ப்பு மாறிலி கீழே இருக்கிறது. வகுக்கும்போது இரண்டும் அடிபட்டுப் போகின்றன. மிஞ்சுவது ħ/4πk. ஈர்ப்பின் சுவடே இல்லாத ஓர் எண், 6.08 × 10⁻¹³ கெல்வின்-நொடி. இருபது ஆண்டுகளுக்கு மேல் இது யாரையும் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை.

1997இல் ஹுவான் மால்டசேனா, ஒருவகை வளைந்த காலவெளியில் உள்ள ஈர்ப்பும், அதன் விளிம்பில் ஒரு பரிமாணம் குறைவாக வாழும் ஈர்ப்பில்லாத குவாண்டம் கோட்பாடும் ஒன்றே என்ற கருதுகோளை முன்வைத்தார். அந்தக் காலவெளிக்குள் ஒரு கருந்துளையை வைத்தால், விளிம்பில் அது சூடான பிளாஸ்மாவாகத் தெரியும். 2001இல் போலிகாஸ்ட்ரோ, சன், ஸ்டாரினெட்ஸ் மூவரும் அந்தப் பிளாஸ்மாவின் பாகுநிலையைக் கருந்துளையை வைத்தே கணக்கிட்டார்கள். விகிதம் மறுபடி அதே ħ/4πk. பாகுநிலை இப்போது கற்பனைச் சவ்வினுடையது இல்லை. துகள்கள் நிரம்பிய, வெப்பம் உள்ள, அசலான பாய்மத்தினுடையது. 2005இல் கொவ்துன், சன், ஸ்டாரினெட்ஸ் இன்னும் துணிந்து, உலகில் எந்தப் பாய்மத்துக்கும் இந்த விகிதம் இதற்குக் கீழே போகாது என்றார்கள். தண்ணீரை எடுத்துப் பாருங்கள். அறை வெப்பத்தில் அதன் பாகுநிலையையும் என்ட்ரோபியையும் வகுத்தால் இந்த எல்லையைப்போல் ஏறக்குறைய 380 மடங்கு வரும். நமக்குத் தண்ணீர்தான் சரளத்தின் இலக்கணம்; கருந்துளையின் கணக்கில் அது கெட்டியான சரக்கு.

அதே 2005இல் நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகம், தங்க அணுக்கருக்களை மோதவிட்டுக் கிடைத்த குவார்க்-குளூவான் பிளாஸ்மா வாயுவாக இல்லாமல் கிட்டத்தட்டக் குறையற்ற திரவமாக நடந்துகொள்கிறது என்று அறிவித்தது. அதன் விகிதம் அந்த எல்லையின் ஒன்று முதல் இரண்டரை மடங்கு என்று மதிப்பிடப்பட்டது. மால்டசேனாவின் வழியில் வேலைசெய்த சரக் கோட்பாட்டுக்காரர்கள் கொண்டாடியதில் வியப்பில்லை. கொஞ்சம் நிதானமும் வேண்டும். புரூக்ஹேவன் பிளாஸ்மாவுக்குச் சரியான ஈர்ப்பு இரட்டை (மால்டசேனாவின் கருதுகோள்படி அதற்கு இணையான ஈர்ப்புக் கோட்பாடு) எது என்று இன்றுவரை யாரும் எழுதிக் காட்டவில்லை. கணக்கிடப்பட்டது அதன் தூரத்து உறவான வேறொரு கோட்பாடு. கீழ் எல்லை என்ற கூற்றும் தாங்கவில்லை. ஐன்ஸ்டைன் சமன்பாட்டில் உயர்வரிசைத் திருத்தங்களைச் சேர்த்தால் விகிதம் அதற்குக் கீழே போகலாம் என்று 2007-08இலேயே காட்டிவிட்டார்கள். ஐன்ஸ்டைனின் ஈர்ப்பு மட்டும் இருக்கும்வரைதான் அந்த எண் மாறாதது.

இந்தத் துறையின் மிக உறுதியான முடிவு 2007 டிசம்பரில் வந்தது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஷிராஸ் மின்வாலா, சாயந்தனி பட்டாச்சாரியா ஆகியோரும், முகுந்த் ரங்கமணி, வெரோனிகா ஹுபனி ஆகியோரும் சேர்ந்து எழுதியது. நீண்டு விரிந்த கருந்துளைத் தகடு ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். அதன் வெப்பநிலையும் வேகமும் இடத்துக்கு இடம் மிக மெல்ல மாறட்டும் என்று விடுகிறார்கள். அப்போது ஐன்ஸ்டைன் சமன்பாடு நிறைவேற என்ன நிபந்தனை என்று பார்த்தால், அந்த வெப்பநிலையும் வேகமும் சார்பியல் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாட்டுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று வருகிறது. அதோடு நிற்கவில்லை. அடுத்த வரிசைத் திருத்தங்களின் கெழுக்களையும் ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தார்கள். ஒரு பாய்ம ஓட்டத்தைத் தந்தால் அதற்குரிய கருந்துளையைக் கட்டித் தரும் செய்முறை இது. இங்கே பருமப் பாகுநிலை சுழி, எதிர்காலத்தைப் பார்க்கும் தொல்லையும் இல்லை. தமூரின் கதையில் இருந்த இரண்டு முட்களும் உதிர்ந்துவிட்டன.

பாய்ம இயக்கவியலுக்கு இதனால் கிடைத்த ஒரு பரிசை நான் எப்போதும் முதலில் சொல்வேன். மின்னூட்டம் கொண்ட கருந்துளைகளுக்கு இதே செய்முறையை 2008இல் இரண்டு குழுக்கள் செய்து பார்த்தன. லோகநாயகம் உள்ளிட்டோரின் குழு அவற்றில் ஒன்று. ஓட்டம் சுழலும்போது சுழல் அச்சின் திசையிலேயே ஒரு மின்னோட்டம் எழுகிறது என்று விடை வந்தது. லாண்டாவ்–லிஃப்ஷிட்ஸ் எழுதிய பாய்ம இயக்கவியல் பாடநூலில் அப்படி ஓர் உறுப்புக்கு இடமில்லை. கணக்கில் பிழையோ என்று பார்த்தால் பிழை இல்லை. இடம் வலம் சமச்சீர் குலையும் குவாண்டம் கோட்பாடுகளில் அந்த உறுப்பு கட்டாயம் இருந்தே தீர வேண்டும் என்று சன்னும் சுரூவ்காவும் 2009இல் பாய்ம விதிகளை மட்டும் வைத்தே நிறுவினார்கள். கருந்துளை போய்ப் பாய்மத்தின் பாடநூலைத் திருத்தியிருக்கிறது. ஒப்புமை வெறும் அலங்காரமாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

வானத்தில் உள்ள கருந்துளைகளுக்கு இது பொருந்துமா? பெரும்பாலும் பொருந்தாது. பாய்மம் என்ற விவரிப்பு எங்கே செல்லும் என்பதற்கு ஒரு விதி உண்டு: நீங்கள் கவனிக்கும் மாற்றங்களின் நீளம், உள்ளே வெப்பச் சமநிலை திரும்பத் தேவையான நீளத்தைவிட மிகப் பெரியதாக இருக்க வேண்டும். ஹாக்கிங் வெப்பநிலையிலிருந்து கிடைக்கும் அந்த வெப்ப நீளம், சாதாரணக் கருந்துளையின் ஆரத்தைப்போல் 4π மடங்கு, அதாவது பன்னிரண்டரை மடங்கு. பாய்மமாகப் பார்க்கத் தேவையான அளவுகோலைவிடக் கருந்துளையே சிறியது! மும்பைக் குழு நீண்டு விரிந்த தகட்டை எடுத்ததற்குக் காரணம் இதுதான்.

2015 செப்டம்பர் 14இல் லைகோ கருவிகள் பதிவுசெய்த முதல் ஈர்ப்பலையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 36, 29 சூரிய நிறை கொண்ட இரண்டு கருந்துளைகள் இணைந்து 62 சூரிய நிறையாகின. மீதி மூன்றும் அலையாகப் போயிற்று. இணைந்த கருந்துளை அடங்கியபோது எழுந்த அதிர்வு சுமார் 250 ஹெர்ட்ஸ். அது தணிந்த காலம் சுமார் 4 மில்லி நொடி. பெருக்கினால் ஒன்று, ஒரே ஓர் ஊசலில் அடங்கிவிட்டது. இப்படி அதிர்ந்து அடங்கும் என்று 1970இலேயே கணக்கிட்டுக் காட்டியவர் பெங்களூரின் சி. வி. விஸ்வேஸ்வரா. மெல்ல மாறும் ஓட்டம் என்ற பேச்சுக்கே அந்த ஒற்றை ஊசலில் இடமில்லை. இணைவுக்குப்பின் அடங்கும் கருந்துளையைக் கெட்டியான திரவத் துளி என்று எழுதும் கட்டுரைகள் உணர்த்துவது படத்தை, இயற்பியலை அல்ல.

விதிவிலக்கு ஒன்றைச் சிலர் தேடியிருக்கிறார்கள். உச்ச வேகத்தை நெருங்கிச் சுழலும் கருந்துளையில் சில அதிர்வுகள் அடங்க வெகுநேரம் எடுக்கும். அவகாசம் கிடைத்தால் ஓர் அதிர்வு இன்னோர் அதிர்வை ஊட்டி வளர்க்க முடியும். யாங், சிம்மர்மன், லேனர் மூவரும் 2015இல் இதைக் காட்டி, கொந்தளிப்பு எப்போது தொடங்கும் என்று சொல்லும் ரெய்னால்ட்ஸ் எண்ணுக்கு ஈர்ப்பில் ஓர் இணையை முன்மொழிந்தார்கள். அதற்கு முன்பே ஆடம்ஸ், செஸ்லர், லியூ ஆகியோர் மால்டசேனாவின் காலவெளியில் ஒரு கருந்துளையைக் கணினியில் கொந்தளிக்க விட்டுப் பார்த்தார்கள். இரு பரிமாண ஓட்டத்தில் எதிர்பார்ப்பதுபோலவே சிறு சுழல்கள் கூடிப் பெருஞ்சுழல்களாயின. இது அசல் கொந்தளிப்பு. சுழலும் கருந்துளையின் கணக்கு அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை. அதிர்வுகள் ஒன்றையொன்று ஊட்டும் முதல் படியைத்தான் தொட்டிருக்கிறது.

பாய்மத்தோடு மிக அழகாக ஒத்துப்போவது நம் உலகில் இல்லாத ஒரு கருந்துளை. ஐந்து பரிமாணங்களில் கருந்துளை உருண்டையாக மட்டுமில்லாமல் நீண்ட இழையாகவும் இருக்கலாம். ரூத் கிரெகரியும் ரேமண்ட் லஃப்லாமும் 1993இல் அந்த இழை நிலையற்றது என்று கண்டார்கள், ஆரத்தைப்போல் 7.2 மடங்குக்கு மேல் நீளமுள்ள எந்தச் சிறு நெளிவும் வளர்ந்துகொண்டே போகும். குழாயிலிருந்து மெல்லிசாக விழும் நீர் சற்றுக் கீழே போனதும் துளிகளாக உடைவதைப் பார்க்கிறோமே, அங்கேயும் இப்படி ஓர் எல்லை இருக்கிறது: ஆரத்தின் 2π மடங்கு, 6.28. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிளாட்டோவும் ராலேயும் கண்டது. லேனரும் பிரிடோரியஸும் 2010இல் கருந்துளை இழையின் கதியை இறுதிவரை கணினியில் ஓட்டினார்கள். முதலில் உருண்டைகள், அவற்றை இணைக்கும் மெல்லிய இழைகள், அந்த இழைகளில் இன்னும் சிறிய உருண்டைகள் என்று போய், முடிவுள்ள காலத்தில் இழையின் தடிமன் சுழியாகிறது. நீரில் அந்த இடத்தில் மூலக்கூறுகள் குறுக்கிட்டு முடித்துவைக்கும். கருந்துளையில் யார் குறுக்கிடுவது என்பதற்குக் குவாண்டம் ஈர்ப்பு வேண்டும்.

இந்த இரண்டு உலகங்களும் ஒரே மேசையில் ஒருகாலத்தில் இருந்தன. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1961இல் பாய்ம ஓட்டங்களின் நிலைப்பாடு பற்றி ஒரு பெருநூல் எழுதினார். அதில் தாரைகளும் உருளைகளும் எப்படி உடைகின்றன என்பதற்கே ஓர் அத்தியாயம் இருக்கிறது. 1983இல் கருந்துளைகளின் கணிதக் கோட்பாடு பற்றி இன்னொரு பெருநூல். ஒரு துறையை முடித்து நூலாக்கிவிட்டு அடுத்ததற்குப் போவது அவர் வழக்கம் என்பதால் இரண்டும் தனித்தனியாகவே நின்றுவிட்டன. இன்று இந்த ஆய்வுக்குள் நுழைகிற மாணவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

எதிர்த்திசையில் போகும் முயற்சிகளை இதோடு சேர்க்கக்கூடாது. ஒலியைவிட வேகமாகப் பாயும் ஓட்டத்திலிருந்து ஒலி தப்ப முடியாது, அது ஒலிக்கான கருந்துளை என்று 1981இல் வில்லியம் உன்ரூ சொன்னார். அதிலிருந்து தொட்டித் தண்ணீரிலும் குளிர் அணுக்களிலும் நல்ல சோதனைகள் பிறந்திருக்கின்றன. அங்கே பாய்மம் கருந்துளைபோல நடிக்கிறது. ஐன்ஸ்டைன் சமன்பாடு அங்கே எங்கும் வேலை செய்வதில்லை.

இனி அளக்கக்கூடியது எது? நியூட்ரான் விண்மீனை ஓதவிசை இழுத்தால் அது சற்றே நீண்டு கொடுக்கும். அந்த நெகிழ்ச்சிக்கு 2017இல் பதிவான ஈர்ப்பலை ஓர் உச்ச வரம்பைக்கூடத் தந்தது. கருந்துளைக்கு அந்த நிலையான நெகிழ்ச்சி சரியாகச் சுழி என்று 2009இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கணக்கிட்டன. இழுத்தால் நீண்டு கொடுக்காது, ஆனால் ஓத உராய்வில் ஆற்றலை மட்டும் விழுங்கும் விந்தையான பொருள் அது. ஐரோப்பிய விண்வெளி முகமை 2030களின் நடுவில் ஏவத் திட்டமிட்டிருக்கும் லிசா கருவி, பெரும் கருந்துளையைச் சுற்றியபடி பல்லாயிரம் சுற்றுகளில் மெல்ல உள்ளே இறங்கும் சிறு கருந்துளைகளைக் கேட்கும். பெரியது வேகமாகச் சுழன்றால், உராய்வு அதன் சுழற்சி ஆற்றலைச் சிறியதின் பாதைக்குத் தள்ளி இறக்கத்தைத் தாமதப்படுத்தும். பூமி நிலவை ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் தள்ளிவிடுவதும் இதே வழியில்தான். நிகழ்வு எல்லைக்குப் பதிலாக அங்கே அலைகளைத் திருப்பி அனுப்பும் வேறு ஏதாவது இருந்தால் அந்த உராய்வு இருக்காது. அத்தனை சுற்றுகளில் சேரும் கட்ட வேறுபாட்டில் அது தெரிந்துவிடும்.